தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிய முன்: வன்னி ஓட்டுநர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

வன்னியில் ஒரு வாகனம் கொதித்தால் முதல் பழி, எஞ்சினில் இருந்து ரேடியேற்றருக்குப் போகும் ஓட்டத்தைத் திறந்து மூடும் சின்ன வால்வான தெர்மோஸ்டாட்டின் தலையில்தான் விழும். "எங்கட வெயிலுக்கு அது தேவையில்லை அண்ணை, கழற்றி எறியுங்கோ" என்று வவுனியாவில் இருந்து பரந்தன் வரை எந்தக் கராஜிலும் யாராவது ஒருவர் சொல்வார். கழற்றியும் விடுவார்கள். கொஞ்ச நாள் எல்லாம் சரியானது போல இருக்கும். அப்புறம் வாகனம் பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கத் தொடங்கும். இல்லையென்றால், மாங்குளம் தாண்டி ஒட்டுசுட்டான் பாதையில், மருந்துக்கும் ஒரு வீடு இல்லாத இடத்தில், முன்னையை விட மோசமாகக் கொதிக்கும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்குகிறது. 1990களில் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வன்னிக்குள் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்கள், பழுதான சாமானைக் கழற்றிவிட்டு ஓடப் பழகினார்கள். அன்றைக்கு அது கெட்டித்தனம். மாற்றுச் சாமானே இல்லாதபோது வேறு என்ன செய்வது? இன்று கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சொல்லிவிட்டால் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே கழற்ற முன் சோதியுங்கள். பழுது என்றால் புதிதைப் போடுங்கள்.

அது செய்யும் வேலை

கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு வட்டத் தகடு, ஒரு ஸ்பிரிங், நடுவில் பித்தளை நிறத்தில் ஒரு சின்னக் குப்பி. குப்பிக்குள் மெழுகு. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவமான கூலன்ற் சூடேறியதும் மெழுகு உருகி விரிந்து, ஒரு ஊசியைத் தள்ளும், வால்வு திறக்கும். பல ஜப்பான் வாகனங்களில் 82 பாகை செல்சியஸ் அளவில் திறக்கத் தொடங்கி 95 அளவில் முழுதாகத் திறந்துவிடும். திறக்க முன் கூலன்ற் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும்; திறந்த பின் ரேடியேற்றருக்குப் போய்க் குளிர்ந்து வரும்.

வெளியே 36 பாகை வெயில் அடித்தாலும் எஞ்சினுக்கு வேண்டியது 80க்கு மேற்பட்ட சூடு. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்திலும் அந்தக் கணக்கு மாறாது. முழுதாகத் திறந்த தெர்மோஸ்டாட் தண்ணீரை மறித்துக்கொண்டு நிற்பதும் இல்லை.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. நிறைய எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவதாக ஒரு சின்னத் தட்டு இருக்கும். பெரிய வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு, ரேடியேற்றருக்குப் போகாமல் சுற்றும் குறுக்குவழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிக்கும் கூலன்றில் ஒரு பங்கு ரேடியேற்றரைப் பார்க்காமலே திரும்ப எஞ்சினுக்குள் போகும். சூட்டைக் குறைக்கக் கழற்றிய வாகனம் பாரம் ஏற்றியதும் கூடுதலாகச் சூடேறுவது இதனால்தான். பழைய சில எஞ்சின்களில் இந்தக் குறுக்குவழி இல்லை. அவற்றில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓடியவர்களின் அனுபவத்தை விற்ஸ், வகன்ஆர் போன்ற இன்றைய சிறு கார்களுக்குப் பொருத்தக் கூடாது.

கை வைக்க முன்

சூடான எஞ்சினில் ரேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள். ஈரச் சாக்கைப் போட்டுத் திறப்பதையும் விடுங்கள். மூடி 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் உள்ளே தண்ணீர் 120 பாகையை நெருங்கியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த கணத்தில் அத்தனையும் ஆவியாகி முகத்துக்கு வரும். குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்கும்போது மெத்தென்று அமுங்கினால்தான் மூடியில் கை வைக்கலாம்.

மின்விசிறி உள்ள வாகனங்களில் எஞ்சின் நின்ற பிறகும் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கலாம். சாரத்தின் தலைப்பு, சால்வை, நீளக் கை எல்லாவற்றையும் ஒதுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரத்திலேயே சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஓடுகிறது

தெர்மோஸ்டாட் மூடியபடியே இறுகியதற்கான அடையாளம் இது. ஆனால் உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து கூலன்ற் நிரம்ப இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துப் போத்தலில் இருக்கிறது என்பதை வைத்து ரேடியேற்றரிலும் இருக்கிறது என்று நம்பாதீர்கள். மூடி பழுதானால் போத்தல் நிறைந்திருக்கும், ரேடியேற்றர் காய்ந்திருக்கும்.

கூலன்ற் சரி என்றால் மூடியைப் போட்டு, ஸ்டார்ட் பண்ணி, ரேடியேற்றரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் இடைக்கிடை தொட்டுப் பாருங்கள். முள் நடுவைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போதும் கீழ் ஹோஸும் ரேடியேற்றரின் கீழ்ப் பாகமும் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்தே இருந்தால் ரேடியேற்றர் வழியாக ஓட்டம் இல்லை என்று அர்த்தம். தெர்மோஸ்டாட் இறுகியிருக்க வேண்டும், அல்லது வோட்டர் பம்ப் தள்ளவில்லை, அல்லது உள்ளே காற்று அடைத்து நிற்கிறது. பம்ப் பெல்ற் இருக்கிறதா, பம்பின் கீழே ஒழுகிய தடம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சட்டிச் சோதனைக்குப் போகலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

வன்னியில் மூடியபடி இறுகுவதற்குப் பெரிய காரணம் கிணற்றுத் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு ஸ்பிரிங்கிலும் ஊசியிலும் படிகிறது. அப்படிக் கழற்றிய ஒன்றை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். முதலில் மாப் போல உதிரும். அடியில் ஓடு போலக் கெட்டியாக ஒட்டியிருக்கும். ஊசியைச் சுற்றித் துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து ஒரு பழுப்பு வளையம். அந்த வளையம்தான் ஊசியை அசையவிடாமல் பிடிக்கிறது.

அறிகுறி: முள் ஏறவே மாட்டேன் என்கிறது, எரிபொருள் செலவு கூடுகிறது

இது திறந்தபடியே நின்றுபோன தெர்மோஸ்டாட், அல்லது முன்பு யாரோ கழற்றிவிட்டுப் போனது. பாவித்த வாகனம் வாங்கியவர்கள் இரண்டாவதை மறக்கக் கூடாது. நெரிசலில் முள் நடுவுக்கு வரும். ஏ9 வீதியில் வேகம் பிடித்ததும் காற்றுப் பட்டு இறங்கிவிடும். ஸ்டார்ட் பண்ணி இரண்டு மூன்று நிமிடத்திலேயே கீழ் ஹோஸ் இளஞ்சூடாகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

கொதிக்காத வாகனம் என்பதால் பலர் இதைப் பழுதாகவே எடுப்பதில்லை. எனக்கு இதில்தான் கவலை அதிகம். குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்பியூட்டர் கூடுதலாகப் பெற்றோலை விடும். எரியாத பெற்றோலும் நீராவியும் எஞ்சின் ஒயிலில் கலக்கும், ஒயில் மூடியின் உட்புறத்தில் மஞ்சள் கூழ் படியும், சிலிண்டர் தேயும். சத்தமில்லாமல் நடப்பதால் தெரிவதில்லை.

விற்ஸ், அக்குவா, வகன்ஆர் போன்றவை பலவற்றில் முள்ளே கிடையாது. குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். நீல விளக்கு வழக்கத்தை விட நீண்ட நேரம் அணையாமல் இருந்தால் இதே பழுதை நினையுங்கள். ஹைபிரிட் வாகனங்களில் இன்னொரு அடையாளம் உண்டு: சூடு போதாததால் நிற்க வேண்டிய இடத்தில் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எஞ்சின் விளக்கு எரிந்து பி0128 (P0128) என்ற பழுதுக் குறியீடு வந்தால், கூலன்ற் வேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்று வாகனமே சொல்கிறது.

வாகனக் கம்பியூட்டரின் கணக்குகளைப் படித்து, போனோடு புளூடூத்தில் இணையும் ஓபிடி (OBD) கருவி ஒன்று வாங்கி வைப்பது நல்லது. பல வாகனங்களில் முள் ஒரு பெரிய வீச்சுக்கு நடுவிலேயே நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். அது நடுவைத் தாண்டி அசையும்போது விஷயம் ஏற்கெனவே முற்றியிருக்கும். கருவி உண்மையான பாகையைக் காட்டும். நல்ல எஞ்சினில் 80களுக்கு நேராக ஏறி, அங்கேயே சற்று முன்பின்னாக நிற்கும். ஓடும்போது 60களுக்கு விழுந்தால் தெர்மோஸ்டாட் மூடவில்லை.

அறிகுறி: முள் ஏறுகிறது, இறங்குகிறது, மீண்டும் ஏறுகிறது

பெரும்பாலும் கூலன்ற் குறைவு அல்லது காற்றடைப்பு. முதலில் நிரப்பி, காற்றை எடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆடினால், அரைகுறையாக ஒட்டி ஒட்டித் திறக்கும் தெர்மோஸ்டாட்டாக இருக்கலாம்.

அறிகுறி: நின்றால் கொதிக்கிறது, ஓடினால் சரி

இதில் தெர்மோஸ்டாட்டை விட்டுவிடுங்கள். காற்றுப் போதவில்லை. மின்விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். ஏசியைப் போட்டதும் சுற்ற வேண்டும். பழைய டீசல் வான்களில் விசிறியின் நடுவில் உள்ள பிசுபிசுப்புத் திரவக் கிளச் களைத்துவிட்டால் எஞ்சின் சுற்றினாலும் விசிறி சோம்பலாகத்தான் சுற்றும்.

அப்புறம் ரேடியேற்றரின் முகம். பெரும்போக அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயப்போட்டிருக்கும் இடங்களால் ஓடிய வாகனம் ஒன்றின் முன்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் வைக்கோல் தூசு, உமி, பூச்சி, கிரவல் றோட்டுப் புழுதி எல்லாம் ஒரு பாய் போலப் படிந்திருக்கும். வெளியில் இருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் டோர்ச் அடித்தால்தான் தெரியும். எஞ்சின் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாகச் சாதாரண ஹோஸ் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். சேவிஸ் நிலையத்து அழுத்தத் துப்பாக்கியைக் கிட்டப் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, பிறகு காற்றே போகாது.

அறிகுறி: ஓடினால், பாரம் ஏற்றினால் கொதிக்கிறது, நின்றால் சரி

இங்கே ஓட்டம் போதவில்லை. நெல் மூட்டை ஏற்றிய பட்டா சிறு லொறிகளில் அடிக்கடி பார்க்கலாம். சுண்ணாம்பு அடைத்த ரேடியேற்றர், தேய்ந்த பம்ப், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், இல்லாமலே போன தெர்மோஸ்டாட் எல்லாம் இந்த வரிசையில் வரும். கீழ் ஹோஸ் பழசாகித் தளர்ந்திருந்தால் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பம்பின் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். ஒருவரை மெதுவாக அக்சிலேற்றரை மிதிக்கச் சொல்லி ஹோஸைக் கவனியுங்கள். ரேடியேற்றரின் முகத்தைத் தடவும்போது சில இடம் கொதித்தும் சில இடம் குளிர்ந்தும் இருந்தால் அந்தக் குளிர்ந்த குழாய்கள் அடைபட்டவை. விசிறியை நிறுத்தி, எஞ்சினை அணைத்த பிறகுதான் தடவ வேண்டும்.

அறிகுறி: ரேடியேற்றரில் குமிழி, வெள்ளைப் புகை, ஒயில் பால்தேநீர் நிறம்

ஹெட் கஸ்கெற், அதாவது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையில் உள்ள அடைப்புத் தகடு, போய்விட்டது. தெர்மோஸ்டாட் மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள். ஓட்டாமல் கட்டி இழுத்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள்.

வழியில் கொதித்தால்

முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அதன் விசிறியை வேகமாகப் போட்டு, கண்ணாடிகளை இறக்குங்கள். வன்னியில் ஹீட்டரா என்று சிரிக்க வேண்டாம். அது இரண்டாவது ரேடியேற்றராக வேலை செய்து எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுக்கும். அதற்கும் அடங்காமல் சிவப்பைத் தொட்டால் நிழல் தேடாமல் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். "இன்னும் கொஞ்சத் தூரம்தானே, முறிகண்டிக்குப் போய்ப் பார்ப்பம்" என்று ஓட்டியே பலர் ஹெட்டை வளைத்திருக்கிறார்கள். ஆறிய பிறகு தண்ணீர் விடும்போது எஞ்சினை ஸ்டார்ட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கொதித்த எஞ்சினில் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழலாம்.

தெர்மோஸ்டாட் மூடியபடி இறுகியது உறுதி, கடையும் இல்லை என்றால், கழற்றிவிட்டு வீடு வரை போகலாம். பாரம் இல்லாமல், வெயில் தாழ்ந்த பிறகு, மெதுவாக. வீட்டுக்குப் போனதும் புதிதைப் போடவேண்டும், அவ்வளவுதான்.

சட்டிச் சோதனை

சமைக்காத பழைய சட்டி ஒன்று எடுங்கள். கூலன்ற் நஞ்சு, அந்தச் சட்டி திரும்ப அடுக்களைக்குப் போகக் கூடாது. ஒரு நூலின் முனையைத் தெர்மோஸ்டாட்டின் வால்வு வாயில் கவ்வ வைத்து, அதே நூலால் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். சட்டியின் அடியில் முட்டக் கூடாது. முட்டினால் நெருப்பின் சூடு நேரே ஏறிப் பொய்க் கணக்குக் காட்டும். 100 பாகைக்கு மேல் காட்டும் தெர்மோமீற்றர் ஒன்றையும் விட்டு, மெதுவாகச் சூடாக்குங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீற்றர் சரிவராது.

வால்வு திறக்கும் கணத்தில் நூல் விடுபட்டு, தெர்மோஸ்டாட் தண்ணீருக்குள் விழும். அந்த நேரம் தெர்மோமீற்றர் காட்டுவதும், தகட்டில் அடித்திருக்கும் எண்ணும் இரண்டு பாகைக்குள் ஒத்தால் நல்லது. தொடர்ந்து கொதிக்கவிட்டால் வால்வு சுமார் 8 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் எழ வேண்டும். பிறகு வெளியே எடுத்து ஆறவிட்டால் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். தெர்மோமீற்றர் இல்லையா? தண்ணீர் தளதளவென்று கொதித்தும் திறக்கவில்லை என்றாலோ, கழற்றி எடுக்கும்போதே வாய் பிளந்திருந்தாலோ அது செத்ததுதான். புதிதாக வாங்கியதையும் பூட்ட முன் இந்தச் சட்டியில் போட்டு எடுங்கள். போலிகள் நிறைய ஓடுகின்றன.

வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். விட்டமும் எண்ணும் ஒத்திருக்க வேண்டும். 82 இருந்த இடத்தில் "இது 76, கூடக் குளிரும்" என்று தருவதை வாங்காதீர்கள். அது முந்தித் திறக்குமே தவிர, அடைத்த ரேடியேற்றரைச் சுகப்படுத்தாது. ரப்பர் வளையத்தையும் ரேடியேற்றர் மூடியையும் சேர்த்துப் புதிதாக வாங்குங்கள். இரண்டும் சின்னச் செலவு.

மாற்றும் விதம்

இரவு முழுதும் ஆறிய எஞ்சினில் காலையில் தொடங்குங்கள். ரேடியேற்றரின் கீழ்க் குழாயைத் திறந்து, கூலன்றை வாயகன்ற பாத்திரத்தில் பிடியுங்கள். ரேடியேற்றரில் இருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸைப் பின்தொடர்ந்தால் அது முடிகிற மூடிக்குள் தெர்மோஸ்டாட் இருக்கும். பல டொயோட்டாக்களில் அது கீழ் ஹோஸ் பக்கம். வேறு பல எஞ்சின்களில் மேல் ஹோஸ் பக்கம். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நட்டுகள், 10 மில்லிமீற்றர் சொக்கற் போதும். துருப்பிடித்த நட்டை முறுக்காதீர்கள். துரு நீக்கும் எண்ணெயை அடித்துக் காத்திருங்கள். அலுமினியத்தில் போல்ட் முறிந்தால் ஒரு மணி நேர வேலை இரண்டு நாளாகும்.

பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கும் மெழுகுக் குப்பியும் எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாகப் பூட்டினால் சூடு மெழுகுக்குச் சரியாகப் போய்ச் சேராமல் கொதிக்கும். தகட்டில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ஊசி மேலே வர வேண்டும். அடைபட்ட காற்று வெளியேறும் வழி அது. ஒட்டும் முகங்களைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டிச் சுத்தமாக்குங்கள். இரும்பு உளி போட்ட கீறல் ஒவ்வொன்றும் ஒரு ஒழுக்கு. ரப்பர் வளையம் உள்ள வகைக்குச் சிலிக்கன் பசை வேண்டாம். நட்டுகளை மாறி மாறி, கிட்டத்தட்ட 10 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள். குட்டைப் பிடியில் மணிக்கட்டின் பலம் போதும்.

நிரப்பும்போது அவசரம் கூடாது. சிறிய கார் என்றால் 4 முதல் 6 லீற்றர் வரை பிடிக்கும். கூலன்ற் செறிவையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து, அல்லது கலந்தே வரும் கூலன்றை, மெதுவாக ஊற்றுங்கள். இங்கே பனி உறைவதில்லை, கூலன்ற் எதற்கு என்று கேட்பார்கள். துருவைத் தடுக்கவும், பம்பின் சீலைக் காக்கவும், கொதிநிலையை உயர்த்தவும் அது வேண்டும். வடித்த தண்ணீர் கிடைக்காவிட்டால் குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ நிலையத்துத் தண்ணீர் பரவாயில்லை. கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பற்றரிக் கடையில் வாங்கினால் அசிட் போத்தல் அல்ல, வடித்த தண்ணீர்தான் என்று பார்த்து வாங்குங்கள்.

ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி ஸ்டார்ட் பண்ணி, ஹோஸ்களைப் பிசைந்துவிடுங்கள். குமிழி வந்து மட்டம் இறங்கும். இறங்க இறங்க நிரப்புங்கள். குமிழி நின்று, கூலன்ற் பொங்க முன் மூடியைப் போட்டு, விசிறி ஒரு தடவை சுற்றி நிற்கும் வரை ஓடவிடுங்கள். இதற்குள் கீழ் ஹோஸும் சூடாகியிருக்க வேண்டும். ஹைபிரிட்களில் இன்வேர்ட்டருக்குத் தனிக் கூலன்ற் தொட்டி இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். சிலவற்றில் எஞ்சினுக்கு மின்சாரப் பம்ப் என்பதால் காற்றெடுக்கும் முறையும் வேறு. கையேட்டின்படிதான் செய்ய வேண்டும்.

மாற்றிய பிறகும் கொதித்தால் பத்துக்கு ஒன்பது காற்றடைப்புத்தான். முன்சில்லுகளை ஒரு மேட்டில் ஏற்றி, ரேடியேற்றர் வாய் உயர்ந்து நிற்கும்படி வைத்துத் திரும்பவும் காற்றை எடுங்கள்.

மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் மட்டத்தைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்புங்கள். தெர்மோஸ்டாட் மூடியின் ஓரத்தில் விரலை ஓட்டி ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வடித்தெடுத்த பழைய கூலன்றை முற்றத்தில் ஊற்றவோ திறந்த பாத்திரத்தில் விடவோ கூடாது. எதிலீன் கிளைக்கோல் இனிக்கும். நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து செத்துவிடும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. பழைய கானில் ஊற்றி, இறுக்கி மூடி, "நஞ்சு" என்று எழுதி, பழைய ஒயில் எடுப்பவர்களிடமோ கராஜிலோ கொடுங்கள்.